றெஜினா நிறுத்திய இடம்

றெஜினா பாடுவதை நிறுத்திவிட்டார். பாட்டு நிற்கவில்லை.

மொன்றியலில், செயின்ட் மிஷேல் பகுதியில் ஒரு பூங்கா. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம், மூன்று மணி இருக்கும். மேடையில் றெஜினா மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி, உதடுகளை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் அடுத்த வரியைத் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டு போகிறது. பக்கத்தில் யாரோ சோளம் சுடுகிறார்கள். இன்றைக்கும் கோடையில் சோளம் சுடுகிற இடத்தைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

அந்தக் குரலை ஓட விட்டவன் நான். என் வலது கை நடுவிரல் செய்த வேலை அது. இதை எழுதுவதில்லை என்றுதான் வைத்திருந்தேன். "எழுதுங்க அண்ணன், உங்கட பேரையும் போட்டே எழுதுங்க" என்று றெஜினாவே சொல்லிவிட்டார். இனித் தப்ப வழியில்லை.

பெயரில்லாத குழு

போன வாரம் டோர்வல் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிய கதையை எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தட்டுக் கதை காணும், பாட்டுக் கதைக்கு வாரும்" என்றார். வந்துவிட்டேன்.

கிழமையில் ஐந்து நாள் தட்டு, சனி ஞாயிறு பாட்டு. இருபது வருடமாக என் வாழ்க்கை இப்படித்தான் போகிறது. பாட்டு என்றவுடன் நான் பாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. மேடைக்கு எதிரே, மண்டபத்தின் கடைசியில், ஒரு மேசையில் ஒலி கலக்கும் மிக்ஸரை வைத்துக்கொண்டு குந்தியிருக்கும் ஆள் நான். சத்தம் கூடினால் முழு மண்டபமும் திரும்பி என்னை முறைக்கும். சத்தம் சரியாக இருந்தால் நான் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது.

கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, தேவாலயத்து ஒளிவிழா என்று எங்கள் குழு ஏறாத மேடை இந்த நகரத்தில் குறைவு. ஆனால் குழுவுக்கு இன்றுவரை பெயர் இல்லை. ஒருமுறை பெயர் வைப்பதற்கென்றே கூடினோம். மூன்று மணித்தியாலம் சண்டை பிடித்து, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். அதனால் அறிவிப்பாளர்கள் தங்கள் வாயில் வந்த பெயரைச் சொல்லுவார்கள். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் பெயரையே எங்களுக்கும் வைத்து அறிவித்தார்கள்.

கீபோர்ட் வாசிப்பவர் குகன். என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரர். வீடும் வேலையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். அவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில்தான் ஒத்திகை. சலவை இயந்திரமும் அங்கேதான் இருக்கிறது. ஒத்திகை நாளில் உடுப்புத் தோய்க்கக் கூடாது என்று குகன் சட்டம் போட்டிருக்கிறார். அவர் மனைவி அதை ஒருநாளும் மதித்ததில்லை. எங்கள் பதிவுகள் எல்லாவற்றிலும் அடியில் தண்ணீர் சுற்றும் சத்தம் கேட்கும்.

பாடுகிறவர் றெஜினா. மட்டக்களப்புக்காரி, ஐம்பதைத் தாண்டியவர், வேதக்காரர். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாடிவிட்டு, பின்னேரம் எங்களோடு கலியாண மண்டபத்தில் பாடுவார். கிழமை நாட்களில் கார்தெறி என்கிற காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. குகன் என்னைத் தேவா அண்ணை என்பார், றெஜினா அண்ணன் என்பார். அந்த ஒரு சொல்லிலேயே யார் எந்த ஊர் என்று பிடித்துவிடலாம்.

துணை

இங்கே எங்கள் தொழில் இரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஒலியமைப்பாளர்கள் என்னைத் திட்டட்டும்.

மொன்றியலில் தமிழ் மேடையில் பாடுகிற எல்லோரும் வேறு வேலை பார்க்கிறவர்கள். வெள்ளி வரைக்கும் பெட்டி தூக்கி, தரை துடைத்துவிட்டு, சனிக்கிழமை பட்டு உடுத்திப் பாடுகிறார்கள். மார்கழி தொடங்கினால் பாதிப் பேருக்குத் தடிமன். ஆகவே தொண்டை நன்றாக இருக்கிற ஒரு நாளில் ஒவ்வொரு பாட்டையும் பாட வைத்துப் பதிந்துவிடுவோம். மேடையில் தாளம் மடிக்கணினியிலிருந்து ஓடும். அதே தாளத்தோடு இந்தப் பதிவும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளு பொத்தான்கள் இருக்கின்றன, ஃபேடர் என்போம். அதில் ஒன்றை அரை விரற்கடை மேலே தள்ளுவேன். பதிவுக் குரல் மெல்ல வந்து மேடைக் குரலோடு சேர்ந்துகொள்ளும். சபைக்குத் தெரியாது. இதற்கு எங்களுக்குள் 'துணை' என்று பெயர்.

துணையிலேயே காலம் தள்ளியவர்களும் உண்டு. ஒருவர் இருமல் இனிப்பைச் சப்பிக்கொண்டே முழுப் பாட்டையும் துணையில் முடித்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு இறங்கினார். நான்தான் முதலில் கை தட்டினேன்.

ஆனால் ஒழுங்கு ஒன்று உண்டு. புருவம் உயர்ந்தால்தான் துணை. றெஜினா இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் புருவத்தை உயர்த்தவில்லை.

பன்னிரண்டு சோடிச் சப்பாத்து

எங்கள் மேடையில் எல்லாமே சினிமாப் பாட்டு. றெஜினா பாடி இறங்கினால், "அசலா இசைத்தட்டுக் கேட்ட மாதிரியே இருக்குது" என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு ஒன்று இருக்கும் என்று எனக்கும் தெரியாது.

ஒருநாள் ஒத்திகையில் அவர் கைப்பைக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்தார். பிள்ளைகள் வர்ணம் தீட்டுகிற கொப்பி. பின்பக்கங்களில் பாட்டுகள். அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டவை. ஏழெட்டு இருந்தன.

குகன் தலையைச் சொறிந்தார். "அக்கா, எங்கட சனம் தெரியாத பாட்டைக் கேக்குமோ?"

"கேட்டாலும் கேக்காட்டியும் நான் ஒருக்காப் பாடிப் பார்க்கணும் தம்பி" என்றார் றெஜினா.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் பகுதியில் உள்ள கலாசார இல்லத்தில் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள் நடத்துவார்கள். நல்ல மண்டபம், நல்ல விளக்கு, பாடுகிறவரின் பெயர் போட்ட சுவரொட்டி. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், நேரடியாகப் பாட வேண்டும். இரண்டே நிபந்தனைதான். அதைப் பொறுப்பாகப் பார்க்கிற மதாம் லூசி என்ற பெண்மணி, பூங்காவில் நடக்கும் கோடை விழாவுக்கு வந்து றெஜினாவைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் ஒரு மணித்தியாலம் தருவார்.

"இவ்வளவு காலமும் மத்தவங்கட பாட்டைத்தானே பாடினன்" என்றார் றெஜினா. "என்ட பாட்டை ஒரு மணித்தியாலம் ஆராவது இருந்து கேட்டாக் காணும். மறுகா நான் கலியாண வீட்டில பாடிக்கிட்டே சாகலாம்."

கொப்பியில் ஒரு பாட்டு அவருடைய மகள் அனித்தாவைப் பற்றியது. றெஜினா நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அனித்தாவுக்கு ஐந்து வயது. தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார். அகதி வழக்கு, விசா, அது இது என்று இழுபட்டு, மகள் டோர்வலில் வந்து இறங்கியபோது பதினான்கு வயது. தாயைவிட உயரம். அதற்கிடையில் றெஜினா கார்தெறியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பனிக்காலத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் மேலங்கி, தொப்பி, கையுறை, சப்பாத்து எல்லாம் போட்டுவிட வேண்டும். கடைசிப் பிள்ளைக்குப் போட்டு முடிக்கும்போது முதற்பிள்ளை மூத்திரம் வருகிறது என்று நிற்கும். அந்த வேலையைத்தான் பாட்டாக்கியிருந்தார்.

பன்னிரண்டு பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டேன்,
பனியில் விளையாடக் கதவைத் திறந்துவிட்டேன்,
உனக்குத்தான் ஒருநாளும் போட்டுவிடவில்லை, மகளே,
உன் கால் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை.

குகன் வாசிப்பை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பதிவு சரியாக வந்ததா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அரை விரற்கடை

விழா நாளில் றெஜினாவுக்குத் தடிமன். கார்தெறிப் பிள்ளைகள் கொடுத்தது. காலையில் மைக்கைச் சரிபார்க்கும்போது மேல் சுரத்தில் குரல் கீறிக்கொண்டு போனது.

"துணை போடட்டோ?" என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணன். இருக்கிற குரலை வெச்சுப் பாடுறன்."

"அந்த மதாம் வாறா எல்லோ?"

"வரட்டும். வேணாம்."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது உண்மை. ஆனால் மதாம் லூசி வந்து, இரண்டாம் வரிசையில் குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்ததும் என் விரல் துணையின் ஃபேடருக்கு மேல் போய் நின்றது. முதல் இரண்டு பாட்டும் பரவாயில்லை. மூன்றாவது, மகள் பாட்டு. அதில்தான் அந்த மேல் சுரம் வருகிறது. இவ்வளவு பாடுபட்டு இந்த இடத்தில் குரல் உடைந்தால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். புருவம் உயரவில்லை. நான் ஃபேடரை அரை விரற்கடை தள்ளினேன்.

மேல் சுரம் கடந்தது. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன். பொத்தானை இறக்க மறந்துபோனேன்.

"மகளே" என்று பாடிவிட்டு றெஜினா நிறுத்தினார். ஒத்திகையில் அங்கே நிறுத்தம் கிடையாது. அவர் வாயை மூடிக்கொண்டு நிற்க, ஒலிபெருக்கியில் அவருடைய குரல் "உன் கால் வளர்ந்த" என்று பாடியது. அந்த இடத்தில் நான் பதறிப்போய்ப் பொத்தானைக் கீழே இழுத்தேன். குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. இழுக்காமல் விட்டிருந்தால் சிலர் எதிரொலி என்றாவது நினைத்திருப்பார்கள். இழுத்தபடியால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

றெஜினா என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, வெறும் பார்வை. பிறகு மிச்சத்தைப் பாடி முடித்தார். எங்கள் சனம் வழக்கம்போலக் கை தட்டியது. மதாம் லூசி பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். போகும்போது மரியாதையாக 'மெர்சி' என்று ஒரு நன்றி சொன்னார். அடுத்த கிழமை மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. "எங்கள் மேடை நேரடியாகப் பாடுகிறவர்களுக்கு மட்டும், புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம்" என்று மதாம் எழுதியிருந்தார்.

அன்றைக்குச் சாமான்களை வாகனத்தில் ஏற்றும்போது றெஜினா என்னிடம் வந்தார்.

"அனித்தா வந்திருந்தாள். தமிழ் விழா எண்டா எட்டியும் பார்க்காத பிள்ளை. அந்த மரத்தடியில நிண்டாள். மகளே எண்டு பாடக்குள்ள கண்டன். அதான் நிண்டன்."

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறன், என்ட குரல் பாடுது. பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்கிறாள். அம்மா இதையும் பொய்யாத்தான் பாடுறா எண்டு நினைச்சிருப்பாள்தானே?"

"உங்களுக்காகத்தானே செய்தனான்" என்றேன்.

"எனக்காக இல்ல அண்ணன். நீங்க என்னை நம்பல்ல."

வாகனக் கதவை மெதுவாகத்தான் மூடினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒற்றை மைக்

அந்தக் கோடை முழுக்கப் பேச்சில்லை. றெஜினா எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. குகன் வீட்டில் உடுப்பு எந்த இடைஞ்சலும் இல்லாமல் தோய்ந்தது. எனக்கோ வீம்பு. நல்லது செய்யப் போனவனுக்கு இதுதான் கிடைக்கும் என்று கேட்கிறவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

இலை கொட்டுகிற காலத்தில் ஒருநாள், மிக்ஸரில் இடமில்லை என்று பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். இந்தக் காலத்து மிக்ஸர் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிந்து வைக்கும். பூங்கா நிகழ்ச்சியும் கிடந்தது. அழிப்பதற்கு முன், றெஜினாவின் மைக்கை மட்டும் தனியே ஓட விட்டேன். துணை இல்லை, தாளம் இல்லை.

அடைத்த மூக்கால் இழுக்கும் மூச்சு. மைக்கில் உரசும் காற்று. மூன்றாவது பாட்டின் அந்த மேல் சுரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அது வரவேயில்லை. றெஜினா அந்த இடத்தில் மெட்டையே திருப்பி, ஒரு படி கீழால் கொண்டுபோயிருந்தார். அவருடைய சொந்தப் பாட்டு. எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். அந்தத் திருப்பம் பழைய மெட்டைவிட நன்றாக இருந்தது. நான் தள்ளிவிட்ட துணைதான் அதை மூடிவிட்டது.

பிறகு "மகளே". பிறகு ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடிக்கிறது. மைக்குக்குக் கிட்ட ஒரு மூச்சு உள்ளே போய், வெளியே வராமல் நிற்கிறது. வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் தனியே இருந்து அழுதேன்.

மேலே போய் மனைவி வசந்திக்குச் சொன்னேன். நாளைக்கே இதைக் கொண்டுபோய் மதாம் லூசியிடம் போட்டுக் காட்டப்போகிறேன், பிழை என்னுடையது என்று சொல்லப்போகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பிழையை ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சொற்கள் இருந்தன.

வசந்தி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "றெஜினாவைக் கேட்டனீங்களோ?"

"நல்ல விஷயம்தானே."

"அவ வேண்டாம் எண்டு சொல்லியும் ஒருக்காச் செய்தனீங்கள். இப்ப கேளாமலே செய்யப் போறியள். அவவின்ர குரல் உங்கட சொத்தோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்து றெஜினா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அனித்தா. றெஜினா குசினி மேசையில் இருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஹெட்ஃபோனையும் பதிவையும் மேசையில் வைத்து, "இது உங்கட மைக் மட்டும். என்ன செய்யிறது எண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

றெஜினா கேட்டார். முடியும் வரைக்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழற்றி, மகளின் காதில் வைத்துவிட்டார். சின்னப் பிள்ளைக்குத் தொப்பி போடுவதுபோல, இரண்டு கையாலும்.

அனித்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"மம்மா, இதில வேற ஒண்டும் இல்லையா? நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

"ஏன் நிண்டீங்க?"

"உன்னைக் கண்டுட்டன்."

அனித்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதிவைத் தன் கைப்பேசிக்கு மாற்றினாள். "அந்த மதாமுக்கு நான் எழுதுறன்" என்றாள். பிரெஞ்சில் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் தந்தாள்.

மூன்றாவது பாட்டு

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. கலாசார இல்லத்து வாசலில் றெஜினாவின் பெயர் போட்ட சுவரொட்டி. கீழே வேறு யாருடைய பாட்டின் பெயரும் இல்லை. வெளியே மூக்கு விறைக்கிற குளிர். வந்தவர்களின் மேலங்கிகள் கதிரைகளின் பின்னால் குவிந்து கிடந்தன. பாதி எங்கள் சனம், பாதி அந்தப் பகுதி வெள்ளைக்காரர்.

ஒலியமைப்புக்கு அங்கே அவர்களுடைய ஆள் இருந்தார். றெஜினா என்னைத்தான் கேட்டிருந்தார்.

"என்னையோ?" என்றேன், அவர் தொலைபேசியில் சொன்னபோது.

"ஓம். இனி அந்தப் பிழையை விட மாட்டாத ஆள் நீங்கதானே."

மடிக்கணினி இல்லை. குகன் வெறும் விரலால் வாசித்தார். என் மேசையில் றெஜினாவுக்கு ஒரு மைக், ஒரு ஃபேடர். அவ்வளவுதான்.

மூன்றாவதாக அந்தப் பாட்டு வந்தது. ஒரு படி கீழால் போகிற மெட்டைத்தான் பாடினார். இரண்டாம் வரிசையில், மதாம் லூசிக்குப் பக்கத்தில், அனித்தா. "மகளே" என்று பாடிவிட்டு றெஜினா நிறுத்தினார். குகன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். சூடாக்கியின் உறுமல் மட்டும் கேட்டது.

மகளைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து, எல்லாத் தலைகளுக்கும் மேலால், நேரே என்னைப் பார்த்தார்.

நான் இரண்டு கைகளையும் ஃபேடரை விட்டுத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அனித்தாவும் திரும்பினாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. றெஜினா தனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு கடைசி வரியைப் பாடினார். பாட்டு முடியும் வரைக்கும் நான் கையை இறக்கவில்லை.